ஹென்றி கூப்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகமது அலியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவரை ஒரே குத்தில் வீழ்த்திய ஆங்கிலேயர் ஒருவரைப் பற்றியும், கிழிந்த ஒரு கிளவுஸைப் பற்றியும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. பதில்களாகப் பரவியிருப்பவற்றில் பாதி கதையாகவும் பாதி உண்மையாகவும் இருக்கின்றன. ஆகவே அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே விடையளித்திருக்கிறேன்.

ஹென்றி கூப்பர் யார்? அலியை விழவைத்தவர் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

லண்டனைச் சேர்ந்த ஹெவிவெயிட் (மிக அதிக எடைப்பிரிவு) குத்துச்சண்டை வீரர். 1934 மே 3 அன்று பிறந்தார். 1954 முதல் 1971 வரை தொழில்முறையில் 55 சண்டைகளில் இறங்கி, 40இல் வென்றார். அவற்றுள் 27 வெற்றிகள் எதிராளியால் தொடர முடியாத நிலையில் கிடைத்தவை. 14 தோல்விகள், ஒரு சமநிலை. பிரிட்டிஷ், காமன்வெல்த், ஐரோப்பியப் பட்டங்கள் மூன்றையும் வைத்திருந்தவர். உலகப் பட்டம் மட்டும் கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை.

1959 ஜனவரியில் பிரையன் லண்டன் என்ற வீரரைப் புள்ளிகளில் தோற்கடித்து பிரிட்டிஷ் பட்டத்தைக் கைப்பற்றியவர், 1971 மார்ச் வரை அந்தப் பட்டத்துக்கான சண்டை எதிலும் தோற்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட இந்த ஆதிக்கமே அவருடைய வாழ்க்கையின் முதன்மையான செய்தி என்பது என் கருத்து. உலகம் நினைவில் வைத்திருப்பதோ ஒரே ஒரு குத்தை.

சிறு வயதில் எப்படி வளர்ந்தார்? வசதியான குடும்பமா?

இல்லை. தெற்கு லண்டனின் லாம்பெத் பகுதியில் பிறந்து, தென்கிழக்கே பெல்லிங்ஹாமில் நகராட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டுகள் விழத் தொடங்கியபோது, பல்லாயிரம் நகரப் பிள்ளைகளைப் போலவே அவரும் வெளியூருக்கு அனுப்பப்பட்டு, சசெக்ஸ் கடற்கரையில் உள்ள லான்சிங் என்ற ஊரில் சில காலம் இருந்தார். அந்தப் போரில் அவருடைய தந்தை பர்மா முனையில் பணியாற்றினார்.

பள்ளியை விட்டதும் சுவருக்குப் பூச்சு வேலை செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார். பகலில் அந்த வேலை, மாலையில் அமெச்சூர் குத்துச்சண்டை என்று நாள்கள் ஓடின. 1952, 1953 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லைட் ஹெவிவெயிட் பிரிவில் இங்கிலாந்தின் அமெச்சூர் வாகையர் பட்டத்தை வென்றார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டு, சோவியத் வீரர் அனத்தோலி பெரோவிடம் தோற்று வெளியேறினார். பிறகு ஈராண்டு கட்டாய ராணுவப் பணி. அது முடிந்ததும் 1954 செப்டம்பரில் தொழில்முறை வீரரானார்.

அவருக்கு இரட்டைச் சகோதரர் இருந்தாராமே? அவரும் சண்டை போட்டாரா? பழைய பட்டியல்களில் அவர் பெயரைக் காணோமே?

இருந்தார், அவர் பெயர் ஜார்ஜ். அவரும் ஹெவிவெயிட் வீரர்தான். அதே காலத்தில் ஜார்ஜ் கூப்பர் என்ற பெயரில் வேறொரு வீரர் இருந்த காரணத்தால், இவர் ஜிம் கூப்பர் என்ற பெயரில் சண்டையிட்டார். ஆகவே பட்டியலில் ஜிம் என்று தேடினால் கிடைப்பார். ஹென்றி அளவுக்கு ஜார்ஜ் உயரவில்லை. ஆனாலும் பயிற்சியிலும் ஓட்டத்திலும் இருவரும் பல ஆண்டுகள் ஒன்றாகவே இருந்தார்கள்.

'ஹென்றியின் சுத்தியல்' என்று எதைச் சொல்கிறார்கள்?

அவருடைய லெஃப்ட் ஹூக்கைத்தான், அதாவது இடக்கையை வளைத்து விடும் குத்தை. கூப்பர் இயல்பில் இடக்கைக்காரர். இடக்கைக்காரர்கள் பெரும்பாலும் வலக்கையையும் வலக்காலையும் முன்னே வைத்து நிற்பார்கள். அப்போது வலுவான இடக்கை பின்னே போய்விடும். கூப்பரோ வலக்கைக்காரர்களைப் போல இடக்கையை முன்னே வைத்து நின்றார். இதனால் அவருடைய வலுவான கை எதிராளிக்கு மிக அருகில் இருந்தது.

அந்தக் கையால் அவர் விட்டது ஓங்கி வீசும் குத்து அன்று. தூரம் அளப்பதற்காக ஜாப் ஒன்றை (முன்கையை நேராக நீட்டி விடும் குத்து) நீட்டுவது போலவே தோள் நகரும்; பாதி வழியில் முழங்கை உயர்ந்து, கை உள்பக்கமாக வளைந்து தாடையில் வந்து இறங்கும். ஜாப் என்று எண்ணித் தலையைச் சற்றே பின்னுக்கு இழுத்தவர்கள் சரியாக அதன் பாதையிலேயே மாட்டிக்கொண்டார்கள். 1959 நவம்பரில் எதிராளி ஜோ எர்ஸ்கின் இந்தக் குத்தின் முடிவில் ரிங்கின் (சண்டை மேடையின்) அடிக்கயிற்றின்மீது மல்லாந்து வளைந்து கிடந்த காட்சி, அன்றைய பிரிட்டிஷ் ரசிகர்கள் பலருக்கும் அலியின் வீழ்ச்சிக்கு முன்பே மனத்தில் பதிந்திருந்தது.

55 சண்டைகளில் 14 தோல்வி என்றால் சாதாரண வீரர்தானே? எதற்கு இத்தனை கொண்டாட்டம்?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தோல்விகள் எப்போது, யாரிடம் நேர்ந்தன என்று பிரித்துப் பார்த்தால் படம் மாறும். 14இல் ஏழு தோல்விகள் 1955க்கும் 1958க்கும் இடைப்பட்டவை, அதாவது அவர் பட்டம் வெல்லும் முன்பே நேர்ந்தவை. 1957 அவருக்கு மிக மோசமான ஆண்டு: காமன்வெல்த் பட்டத்துக்காக ஜோ பைக்ரேவ்ஸிடமும், ஐரோப்பியப் பட்டத்துக்காக ஸ்டாக்ஹோமில் இங்கமார் யோஹான்சனிடமும், பிரிட்டிஷ் பட்டத்துக்காக எர்ஸ்கினிடமும் அடுத்தடுத்துத் தோற்றார். அந்த யோஹான்சன்தான் இரண்டே ஆண்டுகளில் உலக வாகையர் ஆனார்.

அப்போது அவர் தொழிலை விட்டுவிட்டுப் பூச்சு வேலைக்கே திரும்பியிருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். மாறாக, 1958 அக்டோபரில் அமெரிக்காவின் முன்னணி வீரர் ஜோரா ஃபோலியைப் புள்ளிகளில் வென்று அனைவரையும் திகைக்க வைத்தார். தம்மை முதலில் இரண்டு முறை வென்ற எர்ஸ்கினை அதன் பிறகு மூன்று முறை தோற்கடித்தார். பிரையன் லண்டனோடு மோதிய மூன்றிலும் வெற்றி கூப்பருக்கே. பிந்தைய தோல்விகளில் மூன்று, அலி, ஃபிளாய்ட் பாட்டர்சன் என்னும் இரு உலக வாகையர்களிடம் நேர்ந்தவை. ஃபோலியும் 1961இல் இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்திப் பழிதீர்த்துக்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அவர் முகத்தில் ஏன் எப்போதும் ரத்தம்? தற்காப்பு தெரியாதவரா?

தற்காப்பு நன்றாகவே தெரிந்தவர். சிக்கல் அவருடைய முக அமைப்பில் இருந்தது. புருவ எலும்புகள் துருத்தியிருந்தன. அவற்றின்மேல் தோல் மெல்லியதாக இருந்தது. உரசலான ஒரு குத்து விழுந்தாலே எலும்புக்கும் கிளவுஸுக்கும் நடுவே சிக்கித் தோல் பிளந்துவிடும். ஒருமுறை பிளந்து தையல் போட்ட இடம் அடுத்த முறை இன்னும் எளிதில் பிளக்கும். புருவத்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கினால் வரும் குத்து தெரியாது; நடுவர் சண்டையை நிறுத்திவிடுவார்.

சுற்றுகளுக்கு இடையே அவர் வந்து அமரும் ரிங் மூலையில் இருந்த பயிற்சியாளர் டேனி ஹாலண்ட் இத்தகைய காயங்களை அடைப்பதில் பெயர் பெற்றவர். சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் ரத்தத்தைத் துடைத்து, அட்ரினலின் நனைத்த பஞ்சை அழுத்திப் பிடித்து, பிளவை மூட வேண்டும். கூப்பரின் வாழ்க்கையில் பல வெற்றிகளுக்கு அந்த ஒரு நிமிட வேலையும் காரணம். அந்த வேலையால் சமாளிக்க முடியாத இரவுகள் சிலவும் இருந்தன. அவற்றில் இரண்டு அலியோடு அமைந்தன.

லான்ஸ்டேல் பெல்ட் மூன்று வென்றார் என்கிறார்கள். அது என்ன, கோப்பை மாதிரியா?

பிரிட்டிஷ் வாகையருக்கு அளிக்கப்படும் இடுப்புப் பட்டை அது. லான்ஸ்டேல் பிரபுவின் பெயரால் 1909 முதல் வழங்கப்படுகிறது. பட்டம் கையில் உள்ளவரை வைத்திருக்கலாம், இழந்தால் புதிய வாகையருக்குப் போய்விடும். கூப்பர் காலத்து விதிப்படி, பிரிட்டிஷ் பட்டத்துக்கான சண்டைகளில் மூன்று வெற்றி பெற்றவருக்கு அந்த பெல்ட் நிரந்தரச் சொத்தாகும்.

கூப்பர் மூன்று பெல்ட்டுகளைச் சொந்தமாக்கினார். அதற்கு ஒன்பது வெற்றிகள் தேவை. பிரையன் லண்டன், எர்ஸ்கின், மீண்டும் எர்ஸ்கின் என்று முதல் பெல்ட். 1962 முதல் 1964 வரை எர்ஸ்கின், டிக் ரிச்சர்ட்சன், பிரையன் லண்டன் என்று இரண்டாவது. ஜானி பிரெஸ்காட், ஜாக் போடெல், பில்லி வாக்கர் ஆகியோரை வென்று 1967 நவம்பரில் மூன்றாவது. ஒரே எடைப்பிரிவில் ஒருவர் ஒரு பெல்ட்டுக்கு மேல் நிரந்தரமாகப் பெற முடியாதபடி பின்னர் விதி மாற்றப்பட்டது. அதனால் இந்தச் சாதனை முறியடிக்கப்பட வாய்ப்பில்லை.

1963இல் அலியோடு நடந்த சண்டையில் என்னதான் நடந்தது? வரிசையாகச் சொல்ல முடியுமா?

1963 ஜூன் 18, லண்டன் வெம்ப்ளி மைதானம். அப்போது அலியின் பெயர் காஸியஸ் கிளே, வயது 21, அதுவரை மோதிய 18 தொழில்முறைச் சண்டைகளிலும் வென்றிருந்தார். ஐந்தாவது சுற்றில் கூப்பரை முடித்துவிடுவதாக அறிவித்திருந்தவர், தலையில் கிரீடமும் உடலில் சிவப்பு அங்கியும் அணிந்து ரிங்குக்கு வந்தார். கூப்பர் 185½ பவுண்டு, கிளே 207 பவுண்டு. கிலோவில் ஏறத்தாழ 84, 94. பத்துக் கிலோ வேறுபாடு.

தொடக்கத்தில் கூப்பர்தான் முன்னேறித் தாக்கினார். ஆனால் சில சுற்றுகளுக்குள் அவருடைய இடது புருவம் பிளந்தது. கிளேயோ கைகளைத் தாழ்த்திக்கொண்டு, தாம் முன்னறிவித்த ஐந்தாவது சுற்றுக்காகக் காத்திருப்பவர் போல விளையாடினார். நான்காவது சுற்றின் கடைசி வினாடிகளில் அவர் கயிற்றோரம் பின்வாங்கியபோது, மேலே விளக்கிய அந்த லெஃப்ட் ஹூக் தாடையில் விழுந்தது. கிளே கயிறுகளில் சாய்ந்து, கை கயிற்றில் தொங்க, சரிந்து தரையில் அமர்ந்தார். எழுந்து நின்ற கணத்தில் மணி அடித்தது. ஐந்தாவது சுற்றில் தெளிந்து வந்த கிளே, காயம்பட்ட புருவத்தையே குறிவைத்து அடித்தார். முகமெல்லாம் ரத்தமான நிலையில், 2 நிமிடம் 15 வினாடியில் நடுவர் டாமி லிட்டில் சண்டையை நிறுத்தினார். கிளே சொன்ன சுற்று பலித்தது.

கிளவுஸை வேண்டுமென்றே கிழித்து ஐந்து நிமிடம் ஓய்வு வாங்கிக்கொடுத்தார்களாமே, உண்மையா?

பாதி உண்மை. கிளேயின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ, கிளவுஸின் தையலில் முன்பே சிறிய விரிசலைக் கண்டதாகவும், அந்த இடைவேளையில் விரலை விட்டு அதைப் பெரிதாக்கி நடுவரின் கவனத்துக்குக் கொண்டுபோனதாகவும் பின்னாளில் தாமே சொன்னார். ஆக, காலம் கடத்தும் எண்ணம் இருந்தது. மாற்று கிளவுஸ் கிடைக்காமல் அதே கிளவுஸோடுதான் கிளே சண்டையை முடித்தார்.

'ஐந்து நிமிடம்' என்பதுதான் கதை. சொல்பவரைப் பொறுத்து ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று அது வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பதிவான படச்சுருளை வைத்து அளந்தபோது, வழக்கமான ஒரு நிமிட இடைவேளை ஐந்தாறு வினாடிகள்தான் கூடுதலாக நீண்டிருந்தது. படம் கையில் இருக்கும்போதே பெரும்பாலோர் நினைவை நம்புவதுதான் இதில் வேடிக்கை.

உண்மையான விதிமீறல் வேறொன்று: மயக்கம் தெளிவிக்கும் நவச்சார உப்பை டண்டீ கிளேயின் மூக்கருகே பிடித்தார். பிரிட்டிஷ் விதிகள் அன்று மூலையில் தண்ணீரைத் தவிர வேறு ஊக்கிகளை ஏற்கவில்லை. பேசப்பட வேண்டியது இதுவே. ஆனால் கிழிந்த கிளவுஸ்தான் கதைக்கு வசதியாக அமைந்துவிட்டது.

அப்படியானால் நியாயமாக வென்றிருக்க வேண்டியவர் கூப்பர்தானே?

என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இரண்டைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது, அந்தக் குத்து சுற்றின் இறுதியில் விழுந்தது. இன்னும் முப்பது வினாடி மீதமிருந்திருந்தால் கூப்பர் முடித்திருக்கக்கூடும். கயிறுகள் தாங்கிக்கொள்ளாமல் கிளே நேரே தரையில் விழுந்திருந்தாலும் நிலைமை வேறாகியிருக்கலாம் என்பதைக் கூப்பரும் சொல்லியிருக்கிறார். கிளேயைக் காப்பாற்றியவை மணியும் கயிறும். கிளவுஸுக்கு அடுத்த இடம்தான்.

இரண்டாவது, கூப்பரின் புருவம் நான்காவது சுற்றுக்கு முன்பே பிளந்திருந்தது. டண்டீ எதுவும் செய்யாமலே இருந்திருந்தாலும், ஐந்தாவது சுற்றில் கிளே தட்டுத்தடுமாறியேனும் சமாளித்திருந்தால், அந்தக் காயத்தோடு கூப்பர் வெகுதூரம் போயிருக்க முடியாது. கூப்பர் தோற்றது தமது தோலால் என்று சொல்வது கடுமையாக ஒலிக்கலாம். ஆனால் அதுதான் காணொலியில் தெரிகிறது. தாம் ஏமாற்றப்பட்டதாகக் கூப்பர் ஊர் ஊராகப் புலம்பித் திரியவும் இல்லை. அவரும் அலியும் பின்னாளில் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

அலியை முதன்முதலில் வீழ்த்தியவர் கூப்பர்தானே?

இல்லை. 1962 பிப்ரவரியில் நியூயார்க்கில் சானி பேங்க்ஸ் என்ற வீரர் முதல் சுற்றிலேயே கிளேயைத் தரையில் உட்காரவைத்தார். கூப்பர் இரண்டாமவர். 1971 மார்ச் 8 அன்று ஜோ ஃபிரேசியர் பதினைந்தாவது சுற்றில் வீழ்த்தியது உலகறிந்தது. மூவரும் பயன்படுத்தியது லெஃப்ட் ஹூக் என்பதைக் கவனித்தால், கைகளைத் தாழ்த்திப் பின்னே சாய்ந்து தப்பிக்கும் அலியின் பழக்கத்தில் எங்கே ஓட்டை இருந்தது என்பது புரியும்.

உலகப் பட்டத்துக்காக ஒருமுறைகூட அவர் மோதவில்லையா?

ஒருமுறை மோதினார், எதிரே மீண்டும் அலி. 1966 மே 21 அன்று லண்டன் ஹைபரியில், ஆர்சனல் கால்பந்து அணியின் மைதானத்தில் நடந்தது. பிரிட்டன் மண்ணில் 1908க்குப் பிறகு ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்காக நடந்த முதல் சண்டை அது என்பதால் நாடே பரபரத்தது. இம்முறை அலி கைகளைத் தாழ்த்தவில்லை. கூப்பர் நெருங்கியபோதெல்லாம் கட்டிப்பிடித்தும் விலகியும் அந்த இடக்கைக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார். முன்பு விழுந்ததை மறக்கவில்லை என்பது அவருடைய ஒவ்வோர் அசைவிலும் தெரிந்தது.

ஆறாவது சுற்றில் இடது புருவத்துக்கு மேல் ஆழமான பிளவு. சண்டை நிறுத்தப்பட்டது. முன்னைய சண்டையைப் போல வாதிட இதில் எதுவும் இல்லை. நான்கு மாதம் கழித்து ஃபிளாய்ட் பாட்டர்சன் அவரை நான்காவது சுற்றில் நாக்-அவுட் செய்தபோது, கூப்பரின் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். பிறகும் அவர் ஐந்தாண்டுகள் ரிங்கில் இருந்தார்.

சானி லிஸ்டனோடு மோதாமல் ஒதுங்கினாராமே? பயந்துவிட்டாரா?

முடிவெடுத்தவர் அவருடைய மேலாளர் ஜிம் விக்ஸ். நண்பர்கள் 'பிஷப்' என்று அழைத்த அந்த முதியவர், லிஸ்டனைத் தெருவில் எதிர்ப்படுவதற்குக்கூடத் தாங்கள் விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். விக்ஸ் எப்போதும் 'நாங்கள்' என்றுதான் பேசுவார், குத்து வாங்குவது கூப்பராக இருந்தாலும்.

இதைக் கோழைத்தனம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. லிஸ்டன் 1962இலும் 1963இலும் உலகப் பட்டச் சண்டைகளில் பாட்டர்சனை முதல் சுற்றிலேயே நாக்-அவுட் செய்தவர். 84 கிலோ எடையும் எளிதில் பிளக்கும் புருவமும் கொண்ட ஒருவரை அவர் முன் நிறுத்துவதால் மேலாளருக்குப் பணம் கிடைத்திருக்கும். அதை வேண்டாம் என்றவரைக் குறைசொல்ல இடமில்லை.

1969இல் பிரிட்டிஷ் பட்டத்தை அவரே தூக்கிக் கொடுத்துவிட்டாராமே, ஏன்?

இதற்கு அன்றைய குழப்பத்தைச் சற்று விளக்க வேண்டும். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக 1967இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. காலியான இடத்துக்காக உலகக் குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய தொடரில் ஜிம்மி எல்லிஸ் வென்றார். கூப்பர் 1968 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல் மில்டன்பெர்கரை வென்று ஐரோப்பியப் பட்டத்தை மீட்டிருந்தார். தலையால் முட்டியதற்காக மில்டன்பெர்கர் தகுதி நீக்கம் செய்யப்பட்ட சண்டை அது. அடுத்து எல்லிஸோடு மோத வாய்ப்பு வந்தது. ஆனால் எல்லிஸை உலக வாகையராக ஏற்காத பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம், அதை உலகப் பட்டச் சண்டையாக அனுமதிக்க மறுத்தது. சினந்த கூப்பர் தமது பிரிட்டிஷ் பட்டத்தைத் துறந்தார். முழங்கால் குருத்தெலும்பு சேதமடைந்ததால் எல்லிஸோடு மோதும் எண்ணமும் கைகூடவில்லை.

1970 மார்ச்சில் போடெலைத் தோற்கடித்துப் பட்டத்தை மீண்டும் எடுத்துக்கொண்டார்; நவம்பரில் ஸ்பெயின் வீரர் உர்தெய்னை வென்று ஐரோப்பியப் பட்டத்தையும் மீட்டார். எல்லிஸ் என்ற பெயரை எங்கோ கேட்டதுபோல் தோன்றினால், 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் நடத்திய காட்சிச் சண்டையில் எதிரே நின்றவர் அவர்தான்.

கால் புள்ளியில் தோற்றார் என்கிறார்களே, கால் புள்ளி என்று ஒன்று உண்டா?

அன்றைய பிரிட்டிஷ் முறையில் உண்டு. ரிங்குக்கு வெளியே தனி நடுவர்கள் கிடையாது; உள்ளே நிற்கும் நடுவர் ஒருவரே புள்ளியிடுவார். சுற்றை வென்றவருக்கு 5 புள்ளி. தோற்றவருக்கு அதிலிருந்து கால் புள்ளி அல்லது அதற்கு மேல் குறையும். பதினைந்து சுற்றுக்கு அதிகபட்சம் 75.

1971 மார்ச் 16 அன்று வெம்ப்ளியில் 36 வயது கூப்பர், ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்து பிரிட்டனில் வளர்ந்த 21 வயது ஜோ பக்னரைச் சந்தித்தார். பிரிட்டிஷ், காமன்வெல்த், ஐரோப்பியப் பட்டங்கள் மூன்றும் பணயம். பதினைந்து சுற்றும் முடிந்தபின் நடுவர் ஹாரி கிப்ஸ் பக்னரின் கையை உயர்த்தினார்: 73¾க்கு 73½. அதாவது பதினைந்து சுற்றுகளில் ஒரே ஒரு சுற்றை நடுவர் வேறு விதமாகக் கண்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். பிபிசி வருணனையாளர் ஹாரி கார்ப்பென்டர் நேரலையிலேயே வியப்பையும் எதிர்ப்பையும் மறைக்கவில்லை. கூப்பர் அன்றிரவே ஓய்வை அறிவித்தார்; கிப்ஸோடு பல ஆண்டுகள் பேசவும் இல்லை.

நீங்கள் புள்ளியிட்டால் யாருக்குத் தருவீர்கள்?

கூப்பருக்கு, ஆனால் மயிரிழையில். தொடர்ந்து முன்னேறி முயன்றவர் அவர். பக்னர் நீண்ட நேரம் ஜாபோடு ஒதுங்கி நின்றார். எனினும் சில சுற்றுகளில் அந்த ஜாப் தெளிவாக விழுந்தது. கிப்ஸின் தீர்ப்பைக் கொள்ளை என்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். அரங்கம் முழுவதும் கூப்பருக்காகக் கத்தியது. அந்தக் கூச்சலோடு பார்ப்பவருக்கு, ஒலியை அணைத்துப் பார்ப்பவரைவிட இடைவெளி பெரிதாகத் தோன்றும். இதில் உண்மையில் இழப்படைந்தவர் பக்னர். மக்களின் செல்லப்பிள்ளையைத் தோற்கடித்ததை பிரிட்டிஷ் ரசிகர்கள் அவருக்கு மன்னிக்கவே இல்லை. அவர் அலியோடு இரு முறை, 1973இல் லாஸ் வேகஸிலும் 1975இல் கோலாலம்பூரிலும், கடைசிச் சுற்றுவரை நின்றவர்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்? அந்த பெல்ட்டுகளை விற்றுவிட்டார் என்பது உண்மையா?

உண்மை. ரிங்கில் இருந்த காலத்திலேயே வெம்ப்ளியில் காய்கறிக் கடை வைத்து நடத்திப் பார்த்தார்; அது நிலைக்கவில்லை. ஆனால் விளம்பரங்களும் தொலைக்காட்சியும் கைகொடுத்தன. சவரத்துக்குப் பின் பூசும் புரூட் வாசனைத் திரவத்தின் விளம்பரத்தில் அவர் முகத்தைப் பார்த்தவர்களுள் அவருடைய ஒரு சண்டையைக்கூடப் பார்க்காதவர்கள் ஏராளம். பிபிசியின் விளையாட்டு வினாடி வினா 1970இல் தொடங்கியபோது முதல் அணித்தலைவர்களில் ஒருவராக இருந்தார். அறக்கொடைக்காக கோல்ஃப் ஆட்டங்களில் பல ஆண்டுகள் கலந்துகொண்டார்.

பெல்ட்டுகளைப் பறிகொடுக்க வைத்தது லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை. வசதியுள்ள தனிநபர்கள் அங்கே காப்பீட்டு இடருக்குத் தங்கள் சொத்து முழுவதையும் பொறுப்பாக்கிக் கையெழுத்திடுவது அன்று வழக்கமாக இருந்தது. லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் அளவில்லாப் பொறுப்பு. நம் ஊரில் அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் போட்டவர் வீடு ஏலத்துக்கு வருவது போன்ற நிலைதான். கல்நார் நோய்களுக்கான இழப்பீடுகள் முதலியவற்றால் லாய்ட்ஸ் பெரும் நஷ்டம் கண்டபோது கூப்பரும் சிக்கினார். 1993இல் மூன்று பெல்ட்டுகளும் ஏலத்தில் 42,000 பவுண்டுக்குப் போயின. ஒன்பது பட்டச் சண்டைகளின் மதிப்பு அது என்று கணக்கிட்டால் மனம் கசக்கிறது.

'சர்' பட்டம் அவருக்கு எதற்காகக் கொடுத்தார்கள்? குடும்பம் உண்டா?

1969இல் ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசு விருதும், 2000இல் 'சர்' பட்டமும் பெற்றார்; அந்தப் பட்டம் பெற்ற முதல் குத்துச்சண்டை வீரர் அவர். அறப்பணிகளும் அதற்குக் காரணம். பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதை 1967, 1970 என இருமுறை வென்ற முதல் மனிதரும் அவரே. 1978இல் போப்பாண்டவரின் வீரப்பட்டமும் கிடைத்தது.

மனைவி அல்பினா இத்தாலியர். லண்டன் சோஹோவில் விக்ஸ் வழக்கமாக உணவருந்தும் இத்தாலிய உணவகத்தில் அவர் பணிபுரிந்தார், அங்கேதான் அறிமுகம். 1960இல் மணம் முடித்து, கூப்பர் கத்தோலிக்கராகவும் மாறினார். இரண்டு மகன்கள். 2008இல் அல்பினாவும் 2010இல் ஜார்ஜும் மறைந்தார்கள். கூப்பர் 2011 மே 1 அன்று, 77 வயது நிறைவடைய இரண்டு நாள் இருக்கும்போது, சர்ரேயில் மகன் வீட்டில் காலமானார்.

இன்றைய ஹெவிவெயிட்டுகளோடு மோதினால் தாங்குவாரா?

எடையை வைத்துப் பார்த்தால் இன்று அவரை ஹெவிவெயிட்டில் சேர்க்கவே மாட்டார்கள். அவர் காலத்தில் 175 பவுண்டைத் தாண்டியவர் எல்லோருமே ஹெவிவெயிட். இப்போது இடையில் 200 பவுண்டு வரம்புடன் குரூசர்வெயிட் பிரிவு இருக்கிறது. கூப்பர் அதற்குள்ளேயே வசதியாக அடங்கிவிடுவார். லெனாக்ஸ் லூயிஸ், டைசன் ஃபியூரி போன்ற பிற்கால ஹெவிவெயிட் வாகையர்களுக்கு எதிரே அவரை நிறுத்திக் கற்பனை செய்வது இரு தரப்புக்கும் நியாயமாகாது. குரூசர்வெயிட்டில் அந்த லெஃப்ட் ஹூக் இன்றும் செல்லும் என்று நம்புகிறேன். புருவம் மட்டும் எந்தப் பிரிவிலும் அவரைக் கைவிட்டிருக்கும்.

அவருடைய சண்டைகளில் எதை முதலில் பார்க்கலாம்?

1963 சண்டையைப் பாருங்கள், ஆனால் அந்த ஒரு குத்துத் துணுக்கை மட்டும் பார்க்காமல் ஐந்து சுற்றையும் முழுவதுமாகப் பாருங்கள். முதல் மூன்று சுற்றுகளில் கூப்பரின் இடக்கை ஜாப் எத்தனை முறை கிளேயைத் தொடுகிறது என்று கவனித்தால், நான்காவது சுற்றில் வந்தது தற்செயல் இல்லை என்று தெரியும். நான்காவது சுற்று முடியும் மணியோசையிலிருந்து அடுத்த மணிவரை உங்கள் கடிகாரத்திலேயே எண்ணிக்கொள்ளலாம்; ஆனால் வெட்டி ஒட்டாத பதிவா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்து 1971இன் பக்னர் சண்டை. அதை ஒலியில்லாமல், கையில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று கால் புள்ளிக் கணக்கிலேயே புள்ளியிட்டுப் பாருங்கள்.